கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க

முதல் நாள், ரயிலில்

அம்மாவுக்குத் தஞ்சாவூர் பெரிய கோயிலை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அப்பா இருந்தபோது எல்லாருமாகப் போனது. அதற்கப்புறம் முழங்கால் வலி, கண் ஆபரேஷன் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது. இந்த அரையாண்டு லீவில் போயே தீருவது என்று அறுபது நாளைக்கு முன்பே, காலை எட்டு மணி அடிக்கும்போது கணினி முன் உட்கார்ந்து டிக்கெட் எடுத்தேன். அம்மாவுக்குக் கீழ் பெர்த், எனக்கு நேர் மேலே மிடில். தஞ்சாவூர், கும்பகோணம், தாராசுரம், சித்தன்னவாசல், பிறகு திருச்சி வழியாகச் சென்னை. அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

எழும்பூரில் ஏறி, பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளி முடிக்கவில்லை, ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயதுக்குள் இருக்கும்.

"மேடம், நாங்க ஆறு பேரு. ரெண்டு பேருக்கு மட்டும் அடுத்த கோச்ல விழுந்துருச்சு. நீங்க ரெண்டு பேரும் அங்க போயிட்டீங்கன்னா நாங்க ஒண்ணா இருந்துக்குவோம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"அங்க என்ன பெர்த் சார்?"

"ரெண்டும் அப்பர்."

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு முழங்காலிலும் கறுப்பு நீ கேப் மாட்டிக்கொண்டு அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். முடியாது சார் என்றேன். "ஒரு நைட்டுதானே" என்றார். மறுபடியும் முடியாது என்றேன். அவர் நகர்ந்துவிட்டார். ஆனால் அவர் மனைவி, எங்கள் காதில் விழட்டும் என்றே, "இந்தக் காலத்துல யாருக்கும் மனசே இல்ல" என்று மகளிடம் சொன்னார்.

எனக்கு அந்த வார்த்தை ராத்திரி முழுக்க உறுத்தியது. பயணத்தில் உதவி கேட்பதில் தப்பே இல்லை. நானே எத்தனையோ தடவை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் 'அட்ஜஸ்ட்' என்ற சொல்லை நம்மூரில் எப்படிப் புழங்குகிறோம் என்று கவனித்தால், அது எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்கிறது. கேட்கிறவருக்கு அதில் வேலை எதுவும் கிடையாது. சும்மா இருக்கிறவர்தான் எழுந்திருக்க வேண்டும், நகர வேண்டும், விட்டுக்கொடுக்க வேண்டும். மறுத்தால் மனசில்லாதவர் ஆகிவிட வேண்டும்.

சரி, விளக்கை அணைத்துப் படுக்கலாம் என்றால் எதிர் அப்பரில் ஒருவர் செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். ஸ்பீக்கரில். ஒரு வீடியோவையாவது முழுசாகப் பார்த்தால் சத்தம் பழகிப்போகும். பத்து நொடிக்கு ஒன்றாகத் தள்ளிக்கொண்டே போகிறார். ஒரு சிரிப்பு, ஒரு பாட்டின் பாதி, ஒருவர் ஆவேசமாகப் பேசும் அரசியல், மறுபடி அதே சிரிப்பு. பத்து மணிக்கு மேல் இயர்போன் இல்லாமல் சத்தமாக எதையும் கேட்கக் கூடாது என்று ரயில்வேயில் உத்தரவே இருக்கிறது. எழுந்து நின்று, "சார், இயர்போன் இருந்தா போட்டுக்கங்களேன், வயசானவங்க தூங்குறாங்க" என்றேன். "கொண்டு வரலைங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். இயர்போன் கொண்டுவரவில்லை, அதனால் ஸ்பீக்கரில் கேட்கிறேன். இதில் என்ன இருக்கிறது என்ற மாதிரி. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் பழையபடி ஏற்றிவிட்டார்.

விழுப்புரத்தில் ஏறியவர்கள் மொத்த விளக்கையும் போட்டார்கள். ஒரு பெர்த் எண்ணைக் கண்டுபிடிக்க ஆறு பேர் முகத்தில் வெளிச்சம். கையில் டார்ச் உள்ள செல்போன் இருக்கிறது. ஏனோ அது நினைவுக்கு வருவதே இல்லை.

இதெல்லாம் போகட்டும். மூன்று மணிக்கு ஆரம்பித்த அலாரத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பக்கவாட்டு பெர்த்தில் மாயவரத்தில் இறங்க வேண்டிய பையன் ஒருவன். சேவல் கூவுகிற அலாரம். கூவும், கை மட்டும் போர்வைக்குள்ளிருந்து வந்து அணைக்கும், ஐந்து நிமிடத்தில் மறுபடி கூவும். எங்கள் தடுப்பில் அவனைத் தவிர எல்லாரும் விழித்துவிட்டோம். நான்காவது கூவலில் அம்மா எழுந்து போய் அவன் தோளைத் தட்டினாள். "தம்பி, நீ தூங்கு. ஸ்டேஷன் வந்ததும் நான் எழுப்புறேன். அத மட்டும் ஆஃப் பண்ணிடு." அவன் அணைத்துவிட்டுத் தூங்கினான். அம்மா தூங்கவில்லை. ஜன்னலில் முகத்தை வைத்து ஒவ்வொரு ஸ்டேஷன் பெயராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாயவரம் வந்ததும் எழுப்பினாள். தேங்க்ஸ் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான்.

"விடு, தூக்கக் கலக்கம்" என்றாள் அம்மா. எனக்கு விட மனசில்லை.

இரண்டாம் நாள், தஞ்சாவூர்

லாட்ஜில் அறை எடுத்து, கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்த நேரத்தில் பக்கத்துத் தெருவில் குழாய் ஸ்பீக்கர் தொடங்கிவிட்டது. மார்கழி. திருப்பாவைதான். முப்பது பாட்டும் அம்மாவுக்கு மனப்பாடம், எனக்கும் பாதி தெரியும். சின்ன வயதில் தாத்தா வீட்டுத் திண்ணையில் அம்மா வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு கோலம் போடுவாள். அந்தச் சத்தத்தில்தான் நான் எழுந்திருப்பேன். அதே பாட்டைத் தகரம் அதிர்கிற மாதிரி, ஜன்னல் கண்ணாடி நடுங்குகிற மாதிரிக் கேட்டபோது அழுகை வருகிற அளவுக்கு எரிச்சல் வந்தது. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலிருந்தே ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விதியை விடுங்கள். அந்தத் தெருவில் பிள்ளை பெற்றவள் இருப்பாள், நைட் டியூட்டி முடித்து வந்தவர் இருப்பார், நெஞ்சுவலிக்காரர் இருப்பார். ஆண்டாளும் தோழிகளைத்தான் எழுப்பினாள். அதுவும் வீடுவீடாக வாசலில் போய் நின்று, பெயர் சொல்லாத குறையாகக் கொஞ்சிக் கொஞ்சி.

காலைச் சாப்பாட்டுக்குப் போன இடத்தில் நல்ல கூட்டம். இடம் கிடைத்து உட்கார்ந்தோம். இரண்டு இட்லி வந்தது. அம்மா முதல் விள்ளலை வாயில் வைக்கும்போதே பின்னால் ஆள் வந்து நின்றுவிட்டார். கை அம்மாவின் நாற்காலி முதுகில். மறு கையில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தை அம்மாவின் தட்டையே பார்க்கிறது. இட்லியைப் பிட்டால் பார்க்கிறது, சட்னியில் தோய்த்தால் பார்க்கிறது. நம்மூர்க் கல்யாணப் பந்தியிலும் இதே கதைதான். மோர் ஊற்றுவதற்குள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள். கழுத்தில் அவர் மூச்சு. எனக்குச் சாப்பாட்டில் பாயசம் பிடிக்கும்; எத்தனையோ கல்யாணங்களில் பின்னால் நிற்கிறவருக்காகப் பாயசத்தைக் குடிக்காமலே எழுந்து வந்திருக்கிறேன்.

அம்மா திரும்பிப் பார்த்து, "தம்பி, நான் மெதுவாத்தான் சாப்பிடுவேன். பல்லு கிடையாது. கால் மணி ஆகும். புள்ளைய இப்படி உக்கார வை" என்று என் பக்கத்தில் பாதி காலியாக இருந்த பெஞ்சைக் காட்டினாள். அவர் முகம் சிவந்துவிட்டது. "இல்லம்மா, நீங்க சாப்பிடுங்க" என்று வாசலுக்குப் போய் நின்றார். குழந்தை மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டது. அவளுக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தாள் அம்மா.

வெயில் தாழ்ந்ததும் கோயிலுக்குப் போனோம்.

கேரளாந்தகன் வாசலைத் தாண்டி உள்ளே வந்து, ராசராசன் வாசலுக்குள் நுழையும்போது விமானம் முழுசாகத் தெரிகிறதே, அந்த இடத்தில் அம்மா நின்றுவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவை நினைத்திருப்பாள். அந்த ஒரு நிமிடம் அவளுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். "ஆன்ட்டி, கொஞ்சம் நகருங்க, ஃபிரேம்ல வர்றீங்க" என்று ஒரு குரல். முக்காலியில் செல்போனை நிறுத்தி ரீல்ஸ் எடுக்கிறார்கள். நான்கு பேர் ஆடுகிறார்கள், ஐந்தாவது ஆள் நடைபாதையை மறித்துக்கொண்டு நிற்கிறார். நகர்ந்தோம். போட்டோ எடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் எடுத்தேன். எல்லாரும் வந்து நிற்கிற வாசலை அரை மணி நேரம் தன் ஸ்டுடியோவாக ஆக்கிக்கொள்வதைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் திருச்சுற்று மாளிகை. வரிசையாக லிங்கங்கள், சுவரில் பிற்காலத்து ஓவியங்கள். கீழ்ப்பாதியில் கைபடும் உயரம் வரைக்கும் நிறமே போய்விட்டது. எல்லாம் தொட்டுத் தொட்டு, சாய்ந்து சாய்ந்து. கொஞ்ச தூரம் போனால் கீறல்கள். ஓர் இதயம், நடுவே அம்பு, இரு பக்கமும் முதலெழுத்து. கீழே வருடம். பெயர், ஊர், டிகிரி.

இந்தக் கோயிலில் பெயர் எழுதுவது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். 1010-இல் இதைக் கட்டி முடித்த முதலாம் ராஜராஜன் விமானத்துக் கல்லில் வெட்டச் சொன்ன வாசகம் இன்னும் இருக்கிறது: நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும் கல்லிலே வெட்டுக. தான் கொடுத்ததை எழுதச் சொன்ன அதே மூச்சில் அக்காள் குந்தவை கொடுத்ததையும், பெயர் தெரியாத மற்றவர்கள் கொடுத்ததையும் எழுதச் சொல்கிறான். கோயிலில் ஆட வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதோடு இங்கே கல்லில் இருக்கின்றன. ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று கணக்கும் இருக்கிறது. ஆயிரம் வருடம் கழித்து நான் விரலை வைக்காமல், குனிந்து, கண்ணால் மட்டும் அந்த எழுத்துகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம். கர்ர்க், கர்ர்க் என்று. தூணுக்கு அந்தப் பக்கம் பத்தொன்பது இருபது வயதுப் பையன். கையில் பைக் சாவி. சுவரில் முதல் எழுத்து முடிந்து இரண்டாவது பாதியில் இருந்தது. சுண்ணாம்புத் தூள் அவன் செருப்பில்லாத பாதத்தில் வெள்ளையாக விழுந்திருந்தது. கூட வந்த இரண்டு பேர் சிரித்தபடி வீடியோ எடுக்கிறார்கள். எனக்கு உடம்பு நடுங்கியது. பழஞ்சின்னங்களைக் காக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 2010 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருடம்வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே என்றெல்லாம் கத்த வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள். விந்தி விந்தி அவனிடம் போனாள்.

"தம்பி, உன் பேரு என்னப்பா?"

அவன் திடுக்கிட்டுச் சாவியைப் பைக்குள் போட்டான். பேசவில்லை.

"சும்மா சொல்லு."

சொன்னான்.

"எந்த ஊரு?"

அதையும் சொன்னான்.

"நல்ல பேரு. இங்க எழுத வேணாம். நான் ஞாபகம் வச்சுக்கிறேன். போ."

அவன் நண்பர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அவன் பாதத்தால் அந்தத் தூளைத் தேய்த்து அழிக்கப் பார்த்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். எழுதிய ஒன்றரை எழுத்து சுவரிலேயே இருக்கிறது. அது போகாது.

மூன்றாம் நாள், கும்பகோணம், தாராசுரம்

தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் கும்பகோணம் பஸ் வந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு, பை, குடை, ஒரு தண்ணீர் பாட்டில் எல்லாம் உள்ளே பறந்தன. படி வழியாக வரிசையாக ஏறியவர்களுக்கு இடம் இல்லை. ஒரு சீட்டில் கைக்குட்டை மட்டும் கிடந்தது. அம்மாவை அங்கே உட்கார வைத்தேன். இரண்டு நிமிடத்தில் ஒருவர் நெரிசலில் நீந்தி வந்து, "கர்ச்சீப் போட்டிருந்தனே" என்றார்.

"அது கர்ச்சீப்புங்க, இவங்க ஆளு" என்றார் கண்டக்டர், டிக்கெட் கிழித்துக்கொண்டே. அதற்கு மேல் யாரும் பேசவில்லை. அந்தக் கண்டக்டருக்கு என் நன்றி. துண்டு போட்டு இடம் பிடிப்பதில் எனக்கு உள்ள கோபம், அது உடம்பில் தெம்புள்ளவருக்கு மட்டுமே உதவுகிற வழி என்பதுதான். எட்டிப் போட உயரம் வேண்டும், ஓடும் பஸ்ஸோடு ஓட வேண்டும். முழங்கால் வலிக்காரி துண்டு போட முடியாது.

கும்பகோணத்தில் முதலில் காபி. பித்தளை டபராவில், நுரை ததும்ப. அதில் குறை எதுவும் இல்லை, அம்மா இரண்டாவது டம்ளர் கேட்டாள்.

அப்புறம் காவிரி. பகவத் படித்துறையில் காலை நனைக்க வேண்டும் என்றாள். டிசம்பர் என்பதால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கால் வைக்க இடம் தேட வேண்டியிருந்தது. பரிகாரம் என்று குளித்துவிட்டு ஆற்றிலேயே விட்ட வேட்டி, சேலை எல்லாம் படியில் பாசி மாதிரிச் சுற்றிக் கிடக்கின்றன. ஷாம்பு பாக்கெட்டுகள். மேலே மரத்தடியில் சாமி படங்கள், ஒரு பத்துப் பதினைந்து இருக்கும். சட்டம் உடைந்தது, கண்ணாடி கீறியது, கறையான் அரித்தது. வீட்டில் குப்பையில் போட மனசு வரவில்லை, பாவம் என்று பயம். அதனால் மரத்தடியில் கொண்டுவந்து சாய்த்துவிட்டுப் போகிறார்கள். உடைந்த கண்ணாடி செருப்பில்லாமல் குளிக்க வருகிறவர் காலுக்குக் காத்திருக்கிறது. ஒரு லட்சுமி படத்தின் கண்ணாடிச் சில்லை அம்மா பொறுக்கி, பழைய செய்தித்தாளில் சுருட்டி, என் பையில் வைத்தாள். தஞ்சாவூர் லாட்ஜ் குப்பைத்தொட்டிவரை அது எங்களோடு வந்தது.

அப்பா வருவாய்த்துறையில் வேலை பார்த்தவர். புறம்போக்கு என்ற சொல்லை யாராவது வசவாகச் சொன்னால் வீட்டில் அவருக்குக் கோபம் வரும். மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். வரி விதித்த நிலத்துக்குப் புறத்தே வைத்தது, ஊர் முழுக்கப் புழங்குவதற்காக ஒதுக்கியது, இதைப் போய்த் திட்டாக்கிவிட்டீர்களே என்பார். ஆறு, படித்துறை, கோயில் சுவர், பஸ் சீட், ராத்திரி ரயிலின் அமைதி எல்லாமே அவர் கணக்கில் அப்படிப்பட்ட நிலம்தான். ஊருக்குப் பொது என்றால் யாருக்கும் சொந்தமில்லை என்று எப்படியோ நமக்குப் படிந்துவிட்டது. படியில் உட்கார்ந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். "உங்கப்பா இருந்தா இந்நேரம் அந்தத் துணியெல்லாம் வாரி மேல போட்டிருப்பார்" என்றாள்.

தாராசுரத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். இரண்டு பேர் நின்றபடி, "ஓசின்னா கூட்டம் இப்படித்தான் வரும்" என்று எங்களைப் பார்த்துப் பேசினார்கள். பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பூவைக் கட்டத் தொடங்கினார். 2021-இலிருந்து அரசு கொடுக்கிற பயணம் அது. அதைப் பயன்படுத்துகிறவரை ஒவ்வொரு நாளும் தலைகுனிய வைக்க இவர்களுக்கு என்ன உரிமை? அந்த அக்கா தினமும் இதைக் கேட்டுக்கொண்டுதான் வியாபாரத்துக்குப் போகிறார் போல.

ஐராவதேசுவரர் கோயில் அமைதியாக இருந்தது. இரண்டாம் ராஜராஜன் காலத்தது, பன்னிரண்டாம் நூற்றாண்டு. விரல் நீளத்துக்குள் ஒரு நாட்டியக்காரி, அவள் காலில் சலங்கை, சலங்கையில் மணிகள். நாயன்மார் கதைகள் வரிசையாகக் கல்லில். அம்மா ஒவ்வொன்றாக உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தாள். பலிபீடத்துக்குப் போகும் படிகள் தட்டினால் இசை எழுப்பும் என்பார்கள். இப்போது அவற்றைச் சுற்றிக் கம்பி போட்டிருக்கிறது. அது பக்கத்தில் ஒரு அப்பா தன் மகனிடம், "அந்தப் படியத் தட்டினா ஸ்வரம் வரும்டா" என்றார். "தட்டிக் காட்டுப்பா" என்றான் அவன். அவரால் முடியவில்லை. கல்லாலும் காசாலும் தட்டிப் பார்த்தவர்கள் முன்னாலேயே வந்து போய்விட்டார்கள்.

நான்காம் நாள், சித்தன்னவாசல்

புதுக்கோட்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்மணி வல்லத்துக்குள் என் வயதைக் கேட்டார். கந்தர்வகோட்டைக்குள் கல்யாணம் ஆகவில்லை என்பதையும் வாங்கிவிட்டார். "ஏன்?" என்றார். ஊர் பேர் கேட்பது நம் வழக்கம், எனக்கும் பிடிக்கும். அந்த 'ஏன்' மட்டும் வேண்டாம். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் அது பஸ்ஸில் சொல்கிற பதில் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மிச்சத்தை அம்மாவிடம் கேட்டார். அம்மா தூங்குகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

புதுக்கோட்டையிலிருந்து ஆட்டோ. பதினாறு கிலோமீட்டர் போல. பொட்டல் வெளியில் திடீரென்று மொட்டைப் பாறை எழுந்து நிற்கிறது.

பாறையின் மேலே இருக்கும் ஏழடிப்பட்டம் என்ற குகைக்கு அம்மாவால் ஏற முடியாது. நான் மட்டும் போய் வந்தேன். வழியெல்லாம் பாறையில் ஆயில் பெயின்டில் பெயர்கள். புதரில் பாட்டில்கள், உடைத்துப் போட்டவை. மேலே குகையில் பதினேழு கற்படுக்கைகள், தலையணை மாதிரி மேடு வைத்து, கண்ணாடியாக இழைத்தவை. ஒன்றில் இரண்டாயிரம் வருடம் பழைய தமிழ் பிராமி எழுத்து. யாருக்காக யார் செய்து கொடுத்த படுக்கை என்று சொல்கிறது. மற்றவற்றில் பிற்காலத்தில் தங்கிய சமணத் துறவிகளின் பெயர்கள். எல்லாவற்றையும் துறந்து வந்தவர்களின் பெயர் சின்னதாக, படுக்கையின் ஓரத்தில். கீழே பாறையில் ஆள் உயரத்துக்குச் சிவப்புப் பெயின்ட்.

அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரை எளிதாக ஏறுகிற தூரத்தில்தான். அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். கூரையில் தாமரைக்குள ஓவியம். ஒன்பதாம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் புதுப்பித்ததாகக் கல்வெட்டு. மீன், யானை, பூப்பறிக்கும் ஆள், தோளில் சாய்த்த தாமரைத் தண்டு. தூணில் இருந்த ஆடல்மகளிர் பாதி அழிந்துவிட்டார்கள். கை எட்டும் இடமெல்லாம் போய், கை எட்டாத கூரை மட்டும் இவ்வளவாவது தப்பியிருக்கிறது.

உள்ளே ஒரு கூட்டம். பத்துப் பேர் இருக்கலாம். கருவறையில் எதிரொலி வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல, ஓ என்று கத்துகிறார்கள். ஒருவர் விசிலடிக்கிறார். இன்னொருவர் கூரையைப் பார்த்துப் பிளாஷ் அடித்தார். "பிளாஷ் வேண்டாம் தம்பி" என்றார் அங்கிருந்த காவலாளி. அவர் குரலில் கோபமே இல்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறவரின் குரல். அவர்கள் கத்தி ஓய்ந்ததும் சொன்னார்:

"கத்தினா ஒண்ணும் கேக்காது. எல்லாரும் செல்ல அணைங்க. யாரும் பேசாதீங்க. நான் சொன்னதும் 'ம்'னு மெதுவா மூச்சு விடுங்க. வாயைத் திறக்கக் கூடாது."

வேண்டா வெறுப்பாகத்தான் நின்றார்கள். அந்தச் சின்ன அறையில் மூன்று கல் உருவங்களுக்கு முன்னால் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். அவர் கையை உயர்த்தினார். ம்ம்ம். முதலில் பத்துப் பேரின் தனித்தனிச் சத்தம் கேட்டது. பிறகு அது ஒன்றாகிச் சுவரிலிருந்து திரும்பி வந்தது. காதில் மட்டும் இல்லை, நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. என் பிடரி சிலிர்த்தது. விசிலடித்த பையன் கண்ணை மூடியிருந்தான். அம்மாவின் கை என் கையில் இருந்தது. அதிலும் அந்த அதிர்வு தெரிந்தது.

முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. வெளியே வரும்போது பிளாஷ் அடித்தவர், எங்களுக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி, "பாத்து வாங்கம்மா, படி வழுக்கும்" என்றார்.

ஐந்தாம் நாள், திருச்சி, ரயில்

திருச்சியில் மலைக்கோட்டையைக் கீழே நின்றே பார்த்தோம். அம்மாவின் முழங்கால் வீங்கியிருந்தது. ஐஸ் வைத்து, மாத்திரை போட்டு, நாள் முழுக்க அறையில் ஓய்வு.

இரவு ரயிலில் கீழ் பெர்த் அம்மாவுக்கு, எனக்கு மிடில். எதிரில் ஒரு கல்லூரிப் பெண். ஒன்பதரைக்கே, "நீங்க படுக்கணும்னா சொல்லுங்க ஆன்ட்டி, நான் மேல போயிடுறேன்" என்றாள். இயர்போனை மாட்டிக்கொண்டு ஏறிப் படுத்தாள். அவள் செல்போன் வெளிச்சம்கூட வெளியே தெரியாதபடி போர்வைக்குள்.

மேலே படுத்தபடி இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கீழிருந்து அம்மா குரல்.

"தூங்கிட்டியா?"

"இல்லம்மா. வலிக்குதா?"

"இல்ல. பெரிய கோயில்ல பாத்தமே ஒரு பையன், அவன் பேரு என்ன, சொல்லு பாப்போம்."

யோசித்துப் பார்த்தேன். அவன் சாவி ஞாபகம் இருந்தது, பாதத்தில் விழுந்த சுண்ணாம்பு ஞாபகம் இருந்தது. பெயர் வரவில்லை.

அம்மா சொன்னாள். பேரும் ஊரும்.